குக்கர் மூடியில் ஒரு போல்ட்

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையில் தையல் மெஷின், பின்னால் சமையலறை, நடுவே ஒரு திரைச்சீலை. சட்டைக்குக் கை தைத்துக்கொண்டே அடுப்பில் என்ன நடக்கிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்வாள். புதுப்புது சாமான்களில் அவளுக்கு மோகம் கிடையாது. கறுத்துப் பழகிய இரும்பு வாணலி, எதைப் போட்டாலும் முனகாமல் அரைக்கும் மிக்சி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்யாணமான புதிதில் வாங்கிய குக்கர். "என் மாமியார்கிட்ட பேசினதைவிட இதுகிட்டதான் அதிகம் பேசியிருக்கேன்" என்பாள்.

புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். கைராசிக்காரன் என்று பேர். குழாயோ மின்விசிறியோ, அவன் தொட்டால் சரியாகிவிடும். அதில் அவனைவிட அவளுக்குத்தான் பெருமை.

அன்று பட்டறைக்கு விடுமுறை. அவன் பால்கனியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். அவள் கொண்டைக்கடலையைக் குக்கரில் ஏற்றிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். காலர் ஒன்று படுத்தி எடுத்தது. அதைத் தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது: இவ்வளவு நேரமாக ஒரு விசில்கூட வரவில்லை.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று குக்கரைக் கேட்டபடியே எழுந்து திரைச்சீலையில் கை வைத்தாள்.

வெடித்தது.

தரையில் எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்பு நடுவில் குழிந்து கிடந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. மிக்சி ஜாடி சுக்குநூறு. சுவரெல்லாம் கடலை. ஒரு பக்கம் சோப்பு நுரையோடு புருஷன் ஓடிவந்து சிலிண்டரை மூடினான். அவளைப் பிடித்து உலுக்கினான். அவன் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

காது கொஞ்சம் திறந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். காலடியில் மூடி நெளிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். விசில் போடும் துவாரத்தில் ஒரு கடலைத் தோல் அடைத்திருந்தது. விசில் அடைத்தால் ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஓர் எஃகு போல்ட்.

"இது என்ன?"

"அந்த வால்வு ஒழுகிட்டே இருந்துச்சில்ல... நான்தான் அளவா ஒரு போல்ட் கடைஞ்சு போட்டேன். ஒழுகல் நின்னுடுச்சுன்னு நீகூட சந்தோஷப்பட்டியே."

சந்தோஷப்பட்டது உண்மை. படியேறி இறங்குகிற எல்லாரிடமும் சொல்லிப் பூரித்ததும் உண்மை.

"வேற யாருக்கெல்லாம் போட்டீங்க?"

நுரை பூசிய முகத்தில் மிச்சப் பக்கமும் வெளுத்துப்போனது. "மேல்வீட்டு நர்ஸம்மாவுக்கு ஒண்ணு. கீழ்வீட்டுல, அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு ஒண்ணு."

வாசலில் நின்ற நர்ஸ் நெஞ்சில் கை வைத்தாள். "என்னோடது கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்," என்றாள்.

கூட்டத்தில் கைக்குழந்தைக்காரியைக் காணோம்.

செருப்புகூடப் போடாமல் இரண்டு பேரும் படிகளில் பாய்ந்தார்கள். கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மிக்சி அலறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். "என்னக்கா, ஏதாவது டயர் வெடிச்சுதா?"

அவளுக்குப் பின்னால் அடுப்பில் குக்கர் புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அடுப்பு மேடைக்குக் கீழே, பாயில், குழந்தை ஒரு கரண்டியால் தட்டை அடித்து விளையாடியது.

டெய்லரக்கா பாய்ந்துபோய்க் குழந்தையை வாரினாள், தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலைத் தாண்டும்போது குக்கர் வீலென்று விசிலடித்தது. பெரியவர்கள் மூவரும் அலறிக்கொண்டு தெருவில் போய் விழாத குறையாக நின்றார்கள். குழந்தைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கெக்கெக்கென்று சிரித்தது.

புருஷன் பின்பக்கம் சுற்றிப்போய், வெளியில் இருந்த சிலிண்டரை மூடிவிட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னான். அந்தப் பெண் குழந்தையை வாங்கி இறுக்கிக்கொண்டு அவனையே வெறித்துப் பார்த்தாள்.

"விசில் வந்துச்சே, அப்ப இது அடைக்கல. இன்னைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார் தெருவில் நின்ற யாரோ ஒருவர்.

"நாளைக்கு?" என்றான் அவன்.

குக்கர் ஆறிய பிறகு உள்ளே போய் போல்ட்டைக் கழற்றினான். டெய்லரக்கா மூடியைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் குழந்தையின் தகப்பன் மேலே வந்து வாய்க்கு வந்தபடி கத்தினான். இவன் தலை நிமிரவில்லை.

அப்புறம் நெடுநாள் அவள் கடலையைக் கனமான பாத்திரத்தில்தான் வேகவைத்தாள். ஒருநாள் நர்ஸ், "பயந்துட்டே இருந்தா ஆச்சா, வாங்கக்கா," என்று கடைக்குக் கூட்டிப்போனாள். இருவரும் ஆளுக்கொரு புது குக்கர் வாங்கினார்கள். அதில் முதல் தடவை சமைத்த அன்று புருஷன் சமையலறைப் பக்கமே வரவில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினான்.

இப்போதும் அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம்தான். குக்கர் ஏற்றினால் மெஷினில் உட்காருவதில்லை. துணி வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். அவள் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, துவாரத்தை ஊதிப் பார்த்து, குக்கரை மூடி, அடுப்பை அணைக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.