குதிரைக்காரன் வராத கதை

களமருதூர் கோகிலவாணிக்குத் தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவளுக்கு வேலை. மிஷின் சும்மா கிடக்கும் மத்தியானங்களில் கதை அடிப்பாள். எல்லாம் கௌபாய் கதைகள். தொப்பி, துப்பாக்கி, ஒற்றைக் குதிரை, நாதியற்ற ஊர் என்று அத்தனையையும் அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் செவ்வாய் கிரகத்தில் வைப்பாள். சென்னைப் பத்திரிகை பதினோரு கதைகளைத் திருப்பி அனுப்பியது. அசருகிற ஆளா அவள்?

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. அவள் அப்பா பிச்சைமுத்து ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, லத்தியடி பட்ட முதுகோடு வீடு திரும்பினார். அடுத்த மாதம் அவள் பன்னிரண்டாவது கதையை அடித்தாள். செவ்வாயில் தண்ணீரை அடைத்துவைத்த கம்பெனியின் ராக்கெட்டை இறங்கவிடாமல் ஊரே தளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே புளியமரத்துக்கு எங்கே போவது? பாறைகளை உருட்டிப் போட்டார்கள்.

பொங்கல் மலரில் போடுகிறோம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதினார். ஒரே ஒரு திருத்தம். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியூர்க் குதிரைக்காரன் ஒருவன் வந்து சுட்டுக் காப்பாற்ற வேண்டும். இந்த மாதிரிக் கதைகளுக்கு அதுதான் இலக்கணமாம்.

ஒரு பக்கம்தானே, வீம்பு பிடிக்காதே என்று அரங்கநாதன் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். அவளுக்கும் சபலம்தான். தூரத்தில் குதிரைப் புழுதி தெரிகிற வரி வரைக்கும் அடித்துவிட்டாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அப்பாவை ஒளித்துவைக்க வேண்டிய இடம் வந்ததும் அடிப்பதை நிறுத்தினாள். தாளை உருவிக் கிழித்தாள்.

"ஒத்த ஆளு வந்து எங்க ஊரக் காப்பாத்துனத நான் பார்த்ததில்ல சார். ரோட்ல குந்திக்கினு இருந்தவங்களத்தான் பார்த்தேன்" என்றாள்.

பழைய முடிவிலேயே இன்னும் நாற்பது பேரைப் பெயர் சொல்லி உட்காரவைத்து அனுப்பினாள். கதை திரும்பி வந்தது. மூன்று நாள் அழுதாள், மறைப்பானேன்! நான்காம் நாள் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் நூறு பிரதி உருட்டி, தலைப்புக்குக் கீழே தன் பெயரை ஊரோடு சேர்த்துப் போட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தாள்.

மறுநாள் ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சின்னராசு அவள் சீட்டருகே வந்து நின்றார். கையில் அந்தக் கதை. கௌபாய் புத்தகம் ஒன்றையும் விடாமல் படிக்கிறவர்.

"குதிரைக்காரன் இப்ப வருவான், அப்ப வருவான்னு கடைசி வரைக்கும் பார்த்துக்கினே இருந்தேம்மா. வரவே இல்லியே?"

"வரமாட்டாண்ணே. பார்த்துக்கினு இருக்காதீங்கன்னுதான் எழுதுனேன்."