பேனைக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

அன்பான சகோதரங்களே, நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனுசன். முல்லைத்தீவுக் களப்பில் வீச்சுவலை போடுகிறவன். போன தவக்காலத்தில் ஒரு கெளிற்று மீன் முள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டது. செவ்வாய்க்கிழமை, கணுக்காலில் குத்தியது.

கெளிறு குத்தினால் எங்கள் கரையில் எல்லோரும் சுடுதண்ணீருக்குள் காலை வைப்போம். கடுப்பு நின்றுவிடும். எனக்கும் அன்றே நின்றது. வியாழன் கால் சிவந்தது. சுடுதண்ணீர் பட்ட சிவப்பு என்று நினைத்து, மடையன் நான், இன்னும் சுடுதண்ணீர் ஊற்றினேன். தோல் வீங்கி மினுங்கியது. தொட்டால் கொதித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. வெள்ளி காய்ச்சலில் உடம்பு உதறியது. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கால் போனால் களப்பில் எப்படி இறங்குவேன்? பயத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று மனைவி றெஜினா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. சனி காலை அவள் பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறினாள்.

"இதென்ன விளையாட்டு?"

"பேசாமல் இருங்கோ. கூடுதோ குறையுதோ எண்டு பாப்பம்."

நான் மாதா படத்துக்கு முன்னால் அழுதேன். "தாயே, இதை மாற்றும். இல்லையென்றால் என்ன செய்வதென்று காட்டும்" என்று மன்றாடினேன். செபமாலை முழுக்கச் சொன்னேன்.

மத்தியானம் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே நின்றது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"மாதா கேக்கேல்லையடி!" என்று கத்தினேன்.

"கேட்டவா. காட்டச் சொன்னீங்கள், காட்டிப்போட்டா. ஓட்டோ வாசல்ல நிக்குது, எழும்புங்கோ!"

 எழும்பினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கோட்டைத்தான் முதலில் பார்த்தார். "ஆர் கீறினது? நல்ல வேலை. முள்ளுக் காயத்தால கிருமி போய்த் தோலுக்குக் கீழ பரவுது. இன்னும் பிந்தியிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார். ஒரு கிழமை ஊசி மருந்து ஏற்றினார்கள். நாலாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் திரும்பியது. விம்மி விம்மி அழுதேன்.

இன்று அதே காலோடு களப்பில் நிற்கிறேன். நன்றி தாயே! முள் குத்தினால் இப்போதும் சுடுதண்ணீர்தான். ஆனால் சிவப்புப் பரவினால், கொதித்தால், காய்ச்சல் வந்தால், வீட்டில் இருக்காதீர்கள். செபமாலையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். பஸ்ஸில் இருந்து சொன்னாலும் மாதாவுக்குக் கேட்கும்.