வலிக்கலை என்று சொன்னவர்

விசில்காரருக்கு யாரிடமும் குறை சொல்ல வராது. ஒருமுறை முடிவெட்டும் கடையில், பேச்சு சுவாரசியத்தில் கடைக்காரர் மீசையின் இடது பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டார். அதைச் சரிக்கட்ட வலது பக்கம், வலதைச் சரிக்கட்ட மறுபடி இடது என்று கத்தரி மாறி மாறிப் போய், கடைசியில் மீசை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, "எப்படி சார் இருக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அவர்.

"காத்தோட்டமா இருக்கு" என்றார் விசில்காரர்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

தையல்காரர் கதை இன்னும் மோசம். தைத்துக் கொடுத்த பேன்ட்டில் நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, உட்கார மட்டும் முடியவில்லை. "பிடிக்குதோ?" என்று தையல்காரர் கேட்டதற்கு, "கண்டக்டர் எங்கப்பா உட்காரப் போறான்?" என்று சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார். அந்த பேன்ட் கிழியும்வரை அதைப் போட்டுக்கொண்டு நின்றார்.

இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் பாக்கியம் என்று நினைப்பீர்கள். பாக்கியமாவது ஒன்றாவது! எதைச் செய்தாலும் தலையாட்டுகிற ஆள் நாலு பேர் சேர்ந்தால் போதும், நல்ல வேலைக்காரனின் கையும் கெட்டுப்போகும். ஆனால் இதை விசில்காரரிடம் சொன்னால் அதற்கும் தலையாட்டுவார்.

அவருடைய தொழில் அப்படி. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இடது கை மேலே கம்பியில், வலது கையில் டிக்கெட், வாயில் விசில். ஒரு விசில் அடித்தால் டிரைவர் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். காலை மிதித்தவரிடமும் இவரே மன்னிப்புக் கேட்பார். மற்றவர்கள் உட்கார்ந்து வருவதும், தான் நின்றுகொண்டு அவர்களைக் கவனிப்பதும்தான் உலகம் என்று அவருக்குப் பழகிவிட்டது. தன்னை ஒருவர் கவனிப்பது என்றால் உடம்பு கூசும்.

கல்யாணமும் அந்த பஸ்ஸில்தான் நிச்சயமானது. மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண் தினமும் அதில் வருவாள். குள்ளமான பெண், வாயைத் திறக்கவே மாட்டாள். "நிறுத்துங்க" என்று சத்தம் போட வெட்கம். அவளுடைய நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடுவாள். யாரும் இறங்காவிட்டால் பேசாமல் அடுத்த நிறுத்தம்வரை போய், அங்கிருந்து வெயிலில் நடந்து திரும்புவாள். கொஞ்ச நாளில் விசில்காரர் இதைக் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்காமலேயே, அந்த இடம் வந்ததும் ஒரு விசில்.

"யாருக்குய்யா நிறுத்தறே? ஒரு குரலும் கேக்கலையே!" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்துவார்.

"இறங்கறவங்க இருக்காங்க, நீங்க நிறுத்துங்கண்ணே!"

டிரைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. டிப்போ முழுக்க விஷயத்தைப் பரப்பினார். விசில்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கடைசியில் ஒரு நாள் அந்தப் பெண் படியில் இறங்கும்போது திரும்பி, முதல்முதலாக அவரிடம் பேசினாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. சும்மா விசில் அடிச்சு நிறுத்தாதீங்க."

இதைவிடத் தெளிவாக எந்தப் பெண்ணும் சம்மதம் சொன்னதில்லை என்பது விசில்காரரின் கட்சி. நான் சொன்னது லீவைப் பற்றி மட்டும்தான் என்பது அவளுடைய கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வாரம் முழுக்க பஸ்ஸிலேயே கிடக்கிறவர் லீவு நாளிலும் பஸ் ஏறுவதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. சீட் காலியாக இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். அவர் உட்காரவில்லை என்றால் அவளும் உட்கார மாட்டாள். அவளுக்குக் கம்பி எட்டாது. அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொள்வார், அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருஷம் இடது தோள் இறுகிவிட்டது. கை மார்புக்கு மேலே எழும்ப மறுத்தது. சட்டை போடவே மனைவி வேண்டும். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்த்தார்கள். டிரைவர் பிரேக் போட்டதும் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் போய், யாரோ ஒருவருடைய தக்காளிப் பையில் விழுந்தார்கள். அடிபடவில்லை, தக்காளி மட்டும்தான் போயிற்று. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள், "வீட்லயே இருக்கலாம்ங்க, எனக்கென்னவோ டீ பிடிக்கல" என்றாள். டீ பிடிக்காமல் போவதாவது! விசில்காரர் அன்று முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வேறெதுவும் வேண்டாம். மறுபடி அந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும், அவள் தன் கையைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மகள் போன் மூலமே எல்லாவற்றையும் பேசி, வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்கிற பிசியோ ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டாள். கூடவே அப்பாவுக்குப் பாடமும் எடுத்தாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு வேலை செய்ய வருது. விருந்துக்கு வரல. வந்ததும் வேலையை ஆரம்பிக்க விடுங்க. ஊர்க்கதை பேசாதீங்க. முக்கியமா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க."

"ஆகட்டும்மா."

"தலையாட்டறீங்களா?"

"போன்ல அது எப்படிம்மா தெரியுது உனக்கு?"

பிசியோ சின்ன வயதுப் பெண். தோளில் மடக்குக் கட்டில், கையில் எண்ணெய், துண்டு, ரப்பர் பட்டையெல்லாம் வைத்த பை. படிப்பு முடித்து வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்பது அவள் கட்டிலை விரித்த விதத்திலேயே தெரிந்தது, முதலில் தலைகீழாக விரித்தாள். விசில்காரருக்கு மனசு உருகிவிட்டது. கட்டிலை ஒரு பக்கம் பிடித்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். எந்த பஸ்ஸில் வந்தாள் என்று விசாரித்து, அதைவிடக் கூட்டம் குறைந்த பஸ் எது என்று சொன்னார். பிஸ்கட் தட்டு வந்தது, ஜூஸ் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தோளைத் தொடும்போது வந்த நேரத்தில் பாதி போயிருந்தது.

"வலிக்குதா சார்?"

"இல்லம்மா."

"இப்போ?"

"சுகமா இருக்கும்மா." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "எண்ணெய் வாசனை" என்று அதற்கும் காரணம் சொன்னார்.

முடிவில் அவரைச் சுவர் பக்கமாக நிறுத்தி, விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு எவ்வளவு உயரம் போகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அடுத்த தடவை அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை விரல் கோட்டுக்கு ஒரு பொட்டுகூட மேலே போகவில்லை. பிசியோவின் முகம் வாடியதை விசில்காரர் பார்த்தார். பாவம், வெயிலில் அவ்வளவு தூரம் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்த பெண். என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை, குதிகால் தானாக எழும்பிவிட்டது. வாழ்நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்கள், நுனிவிரலில் ஆடாமல் அசையாமல் நின்றன. விரல் கோட்டைத் தாண்டியது. பிசியோ விரலைப் பார்த்தாளே தவிர காலைப் பார்க்கவில்லை.

"சூப்பர் சார்!" என்று கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலுக்காக அவர் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் எக்கினார். சுவரில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிசியோவோ, இவருக்கு வலியே இல்லை என்று நம்பி, நாளுக்கு நாள் பலமாக இழுத்தாள். அவள் போனதும் அவர் தோளில் ஐஸை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துகொள்வார்.

சமையலறை வாசலிலிருந்து மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் குதிகால்தான் முதலில் தெரியும்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்களேன்" என்றாள்.

"எப்படிம்மா சொல்றது? எவ்வளவு சந்தோஷப்படுது பாத்தியா? மனசு ஒடிஞ்சு போயிடாது?"

"அப்போ கை?"

"கைக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு."

அவளுக்கு வந்த கோபத்தில் பாத்திரம் ஒன்று தரையில் விழுந்தது. ஆனால் மூன்றாம் மனுஷியிடம் தானாகப் போய்ப் பேசுவது அவளுக்கு இன்னும் கைவராத வித்தை. வாயெடுப்பாள், பிறகு பேசாமல் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் பிசியோ உற்சாகமாக வந்தாள். சுவரில் இருந்த கடைசிக் கோட்டைக் காட்டி, "இன்னைக்கு இதைத் தாண்டிட்டீங்கன்னா இதோட முடிச்சுக்கலாம் சார். நான் இனி வர வேண்டிய அவசியமே இல்லை. என்கிட்ட இவ்வளவு சீக்கிரம் தேறின முதல் ஆள் நீங்கதான்" என்றாள்.

விசில்காரர் சிரித்துக்கொண்டே சுவர் பக்கம் போனார். விரல்கள் நடந்தன, நின்றன. குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிசியோ பென்சிலைக் கையில் எடுத்தாள்.

வீடே அதிரும்படி ஒரு விசில் சத்தம்.

விசில்காரர் அப்படியே நின்றுவிட்டார். கால்கள் தாமாகத் தரைக்கு வந்தன, விரல்கள் கோடுகளையெல்லாம் விட்டுவிட்டு சர்ரென்று கீழே இறங்கின. பிசியோவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர்கூட பிரேக் பிடித்துவிட்டார். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். உதட்டில் அவருடைய பழைய விசில், இரண்டு கன்னமும் உப்பி, முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

விசிலை எடுத்துவிட்டு அவள் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"அவரு கால்ல எக்கறாரும்மா. கை ஏறவே இல்ல. உசிரு போற மாதிரி வலிக்குது, சொல்ல மாட்டேங்கறாரு. நீ வராம போயிட்டா இந்தக் கை இப்படியே நின்னுடும். எனக்கு இந்தக் கை வேணும்மா."

பிசியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. எந்த மனசு ஒடியக் கூடாது என்று இத்தனை நாள் இவர் பாடுபட்டாரோ, அது இப்போது மொத்தமாக ஒடிந்த மாதிரி இருந்தது.

"நான் தப்பா இழுத்திருந்தா தோள் இன்னும் மோசமாயிருக்கும் சார்" என்றாள். "நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் வேலை செய்யறேன். உங்க பஸ்ல ஏறின ஆள்கிட்ட எங்க இறங்கணும்னு கேட்டா, உங்க இஷ்டம், எங்க வேணா விடுங்கன்னா என்ன செய்வீங்க?"

"கெட்ட கோபம் வரும்மா" என்றார் விசில்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, வேலை செய்ய வந்த ஒருவரிடம் உண்மையைச் சொன்னார்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

பிசியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதைப் பார்த்து மனைவி சிரித்தாள், விசில்காரரும் சேர்ந்துகொண்டார். பிசியோ எழுந்து சுவர்க் கோடுகளையெல்லாம் ரப்பரால் அழித்து, கீழே, நிஜமான இடத்தில் புதிதாக ஒன்று போட்டாள். பிறகு விசிலை வாங்கி நன்றாகக் கழுவி, விசில்காரரின் வாயில் வைத்தாள்.

"வாய் திறந்தா நீங்க நல்லா இருக்குன்னுதான் சொல்லுவீங்க. அதனால பேச வேண்டாம். வலிச்சா ஒண்ணு, பரவாயில்லன்னா ரெண்டு."

அன்று அந்த வீட்டிலிருந்து கேட்ட விசில் சத்தத்தை அக்கம்பக்கத்தார் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். இத்தனை காலம் விழுங்கிய அத்தனை வலியையும் மனுஷன் ஊதித் தீர்த்தார். முடிவெட்டியவருக்கு ஒன்று, தையல்காரருக்கு ஒன்று என்று சேர்த்து ஊதினாரோ என்னவோ. பிசியோ ஒரு விசிலுக்குக் கையை எடுத்தாள், இரண்டுக்குத் தொடர்ந்தாள். பிஸ்கட் தட்டு இனி வேலை முடிந்த பிறகுதான் என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

கை அவசரப்படவில்லை. ஆனால் ஏறியது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு சீப்பு, பிறகு அலமாரியின் மேல்தட்டு. சுவரில் கோடுகளும் ஏறின, இந்த முறை பிசியோ குனிந்து குதிகாலைப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பாள். அவள் உண்மையாகவே விடைபெற்ற நாளில், ஒற்றை விசில்கள் ஒழிந்து, எல்லாம் இரண்டாக ஆகியிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கூட்டம் சுமார்தான். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "நாங்க நிக்கறோம், நீங்க உக்காருங்க" என்று மனைவியே சொன்னாள், சத்தமாக.

விசில்காரர் இடது கையை உயர்த்தினார். கை மார்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, கொஞ்சம் யோசித்து மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. அவள் பழைய இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

விசில்காரர் அவளைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"கொஞ்சம் வலிக்குது" என்றார். "விட்டுடாதே."

பின்னாலிருந்து கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பியது.