கோத்தா பாரு கடற்கரையும் என் தங்கையின் பொட்டும்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன்பு தென்காசியில் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. பாளையங்கோட்டையில் பி.ஏ.வும் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சியான எல்.டி.யும் முடித்து, ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். நிலத் தகராறானாலும் சம்பந்தப் பேச்சானாலும், நான் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால் அதற்குமேல் சாட்சி கேட்கும் வழக்கம் ஊரில் இல்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் வருவது விளங்க வேண்டும்.

என் தங்கையின் கணவர் யுத்தத்துக்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவர். பாலம் கட்டவும் முள்கம்பி வேலி அடிக்கவும் பழக்கப்பட்ட பிரிவு. மலேயாவுக்குக் கப்பலேறினார். ஜப்பானியர் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிய இரவுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. காணவில்லை என்று முதலில் தந்தி வந்தது. யுத்தம் முடிந்த பின், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று சர்க்கார் எழுதியது. சர்க்கார் கருதியதை என் தங்கை கருதவில்லை. பென்ஷனை வாங்கிக்கொண்டாள், பொட்டும் தாலியும் இருந்த இடத்தில் இருந்தன.

"பென்ஷன் ஆபீசுக்குப் போனா தாலியறுத்தவ, கோயிலுக்கு வந்தா சுமங்கலி" என்று தெருப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் என் வீட்டில்தான் இருந்தாள். நான் அதில் தலையிடவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அவள் மகளுக்கு இலத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் வயலும் தோப்பும் உள்ளவர், பேசத் தெரிந்தவர். எல்லாம் முடிவான பிறகு, வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வாயில் போடாமலே இருந்தார்.

"தப்பா நெனைக்கப்படாது சார்வாள். ஆரத்தி எடுக்கதுக்கும் தாலியத் தொட்டுக் குடுக்கதுக்கும் பொண்ணோட அம்மையும் வந்து நிப்பாவளா? எங்க வீட்டுப் பொம்பளைய கேக்குதாவ."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நீங்க தெளிவா ஒரு வார்த்த சொல்லிட்டியன்னா போதும். அதுக்குமேல எங்களுக்குப் பேச்சு இல்ல."

சொல்வதற்கு என்னிடம் அந்த ஒரு வார்த்தை இல்லை. ஆகவே கோடை விடுமுறையில் மலேயா போனேன். கல்லூரியில் என்னுடன் படித்த கடையநல்லூர் நண்பர் கோத்தா பாருவில் துணிக்கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக அவர் கடை வாசலில் போய் நின்றபோது, வந்த காரியமே எனக்கு அலுத்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை கடற்கரைக்குக் கூட்டிப்போனார். காண்பதற்குரியது எதுவும் அங்கே இல்லை. பீரங்கிக்குக் கட்டிய சிமெண்டு அறைகள் இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று தலைகுப்புறச் சாய்ந்து பாதி தண்ணீரில் கிடந்தது. மற்றதற்குள் யாரோ தேங்காய் மட்டையை அடுக்கியிருந்தார்கள். மணலில் துருப்பிடித்த முள்கம்பிச் சுருள் ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. என் தங்கையின் கணவர் அடித்த கம்பியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விடுப்பில் வரும்போது குற்றாலத்தில் பேரருவிக்கு அடியில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அது ஞாபகம் வந்தது. பக்கத்து ஊரான வடகரையிலிருந்து அவருடனே பட்டாளத்துக்குப் போன இரண்டு பேரின் முகமும் வந்தது. அவர்களுக்காக யாரும் கடல் தாண்டி வரவில்லை. வெயில் ஏறியதும் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்து மலாய் மீனவர் ஒருவரிடம் நண்பர் விசாரித்தார்.

"செத்தவங்களயெல்லாம் அவன் ஆளு, நம்ம ஆளுன்னு பாக்காம ஒரே குழியில போட்டாங்களாம்" என்று வந்து சொன்னார். "குழி எங்கன்னு கேட்டேன். அன்னா படகு நிக்குல்லா, அதுக்கும் அங்கிட்டுங்கான். கரையக் கடல் தின்னுட்டாம்."

"ஆட்களின் பேர், ஊர்?"

"நல்லாக் கேட்டீரு. எல்லாரும் காக்கி. இவன் என்னத்தக் கண்டான்?" பிறகு குரலைத் தணித்தார். "வே, ஒண்ணு சொல்லுதேன். போனேன், ஒண்ணும் தெரியலன்னு சொல்லிரும். குழிப் பேச்ச எடுக்காதீரும். கல்யாணம் நடக்கட்டும்."

"பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொல்லத்தான்வே வந்தேன்."

"பரீட்சப் பேப்பரா திருத்துதீரு? ஒம்ம தங்கச்சிவே அது!"

மணலைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

ஊர் திரும்பியதும் இலத்தூர்க்காரர்களை வரவழைத்தேன். கூடத்தில் இரு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, சிமெண்டு அறை, முள்கம்பி, குழி, படகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் தங்கையின் கணவர் அந்தக் குழியில் கிடந்தார் என்பதற்கோ கிடக்கவில்லை என்பதற்கோ என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன்.

"அப்பம் உயிரோட இருக்காவன்னு வச்சுக்கிடலாமா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"அதையும் நான் சொல்லவில்லை."

"சார்வாள் பாஸும் போடல்ல, பெயிலும் போடல்ல" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

என் தங்கை அடுக்களை நிலைப்படியில் வந்து நின்றாள். ஆண்கள் கூடிய இடத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நான் போடுதேன். எம் மவளுக்கு நான்தான் ஆரத்தி எடுப்பேன். அவ அப்பாவப் பத்தி எங்கண்ணன் சொன்னது அம்புட்டும் கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். பிடிக்காதவிய இப்பமே எந்திரிச்சுப் போயிருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "நாளக் குறிச்சிருவோம் தாயி" என்றார். குழியைப் பற்றி நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். கல்யாணம் நடக்க வேண்டியிருந்ததால் கேட்காதவர்கள்போல் இருந்துகொண்டார்கள்.

ஆனியில் கல்யாணம். அவள் ஆரத்தி எடுத்தாள். தாலியைத் தொட்டுக் கொடுத்தாள். பந்தியில் நின்று இலத்தூர்ப் பெண்களுக்குத் தானே பாயசம் ஊற்றினாள்.

அடுத்து வந்த ஆடி அமாவாசையன்று பக்கத்து வீட்டுப் பெண்களோடு குற்றாலம் போனாள். சாரல் நன்றாக விழுந்த வருஷம் அது. பேரருவிக்குள் பொட்டோடு போனவள் வெறும் நெற்றியோடு வெளியே வந்தாள் என்றும், தாலியைக் கழற்றி ஆற்றில் விட்டாள் என்றும் கூடப் போனவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது ஈரத் தலையோடு அடுப்பருகே இருந்தாள்.

"காப்பி போடட்டுமாண்ணே?" என்றாள்.

"போடு" என்றேன்.

சாவுச் செய்தியை மறைத்துக் கல்யாணத்தை முடித்து, பிறகு நானே அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய்ப் பொட்டை அழித்தேன் என்று இன்றுவரை ஊரில் பேச்சு இருக்கிறது. இலத்தூரிலும் அதையேதான் சொல்கிறார்களாம். ஒவ்வொருவரிடமும் மறுத்து எனக்குச் சலித்துவிட்டது; அதனால் எழுதி வைக்கிறேன். கடற்கரையில் கண்டதையும் கேட்டதையும் கல்யாணத்துக்கு முன்பே, இரு வீட்டார் முன்னிலையில் சொல்லிவிட்டேன். அவளைக் குற்றாலத்துக்கு நான் அழைத்துப்போகவில்லை. அன்று முழுவதும் நான் பள்ளியில் இருந்தேன்.