சீசர் என்கிற மணி

நாய் வளர்ப்பவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், கழுத்துப் பட்டையில் டோக்கன் தொங்க வேண்டும், அவிழ்த்துத் தெருவில் விடக் கூடாது என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும்போதெல்லாம் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறது. நான் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை. இந்தச் சண்டையை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே முழுதாகப் பார்த்து அலுத்துப்போனவள் நான்.

ஆண்டு 1967. என் தங்கை 68 என்பாள். அவள் சொல்வது தவறு. தெருமுனைச் சுவரில் தேர்தல் சின்னங்கள் இன்னும் அழியாமல் இருந்த கோடை அது. நான் நான்காம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தேன்.

அந்த நாய்க்கு இரண்டு பெயர். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்த எங்கள் அத்தை அதைச் சீசர் என்று கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எலும்பு போடுவாள். எதிர்வீட்டு மாமி மணி என்று கூப்பிட்டுத் தயிர்சாதம் போடுவாள். நாய் இரண்டு பெயருக்கும் வால் ஆட்டும். ராத்திரி ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக் குரைத்தால் மறுநாள் காலை இரண்டு வீட்டிலும் அது எங்கள் நாய். யார் வீட்டுச் செருப்பையாவது கடித்துப் போட்டால் எதிர்வீட்டு நாய்.

ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நகராட்சியிலிருந்து வந்து அறிவித்துப் போனார்கள். டோக்கன் இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துப் போகும். அப்பா அன்று மாலையே கேட்டார், யார் லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்று. எதிர்வீட்டு நாய்க்கு நான் எதற்கு எடுக்க வேண்டும் என்றாள் அத்தை. மாமி தன் வாசற்படியை விட்டு இறங்காமலே பதில் சொன்னாள்.

“எங்காத்து நாயா? எங்காத்து நாய்னா ஞாயித்துக்கிழமை எலும்பு தின்னுமோ?”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அப்பா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டோக்கன் வாங்கப்படவில்லை.

அடுத்த வாரம் அது சித்தப்பாவைக் கடித்தது. சித்தப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. அவர் அதை மிதிக்கவில்லை, அதட்டவில்லை. சும்மா இருந்தவரைக் கடித்ததுதான் எல்லோருக்கும் பயம்.

டாக்டர் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனியுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு நடமாடினால் கவலையில்லை. வெறி பிடித்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், தண்ணீர்கூட இறங்காது. நாய் செத்தாலோ தொலைந்தாலோ தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டே ஆக வேண்டும். சித்தப்பாவுக்கு ஊசி என்றாலே முகம் வெளுத்துவிடும்.

அப்பா நாயைக் கொய்யா மரத்தில் கட்டினார். பிறந்ததிலிருந்து கயிறு பார்க்காத பிராணி, ஊளையிட்டு ஊரைக் கூட்டியது. அத்தையும் மாமியும் முறை வைத்து வந்து அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல், அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போயிருந்த நேரம், பக்கத்துத் தெருவில் நாய் பிடிக்கும் வண்டி வந்துவிட்டது. எங்களுக்கு மதில் கிடையாது, காட்டாமணக்கு வேலிதான். நாயின் கழுத்தில் கயிறு இருந்தது, டோக்கன் இல்லை. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள், சாக்கைப் போட்டு மூடினார்கள், முனையில் நின்ற ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்கள். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்து, வண்டி போனதும் கொண்டுவரச் சொன்னார்கள்.

ரிக்‌ஷாக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாம்மா, சவாரி இதுக்கா? வழில யாரையாவது கட்ச்சிதுன்னா யாரு ஜவாப்பு?”

அத்தை மாமியைப் பார்த்தாள். மாமி அத்தையைப் பார்த்தாள்.

பொழுது சாய ரிக்‌ஷா வெறும் சாக்கோடு திரும்பி வந்தது. ஏரிக்கரையில் குதித்து ஓடிவிட்டதாம்.

அன்று அப்பா போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பத்து நாள் கட்டிப்போட வேண்டும் என்று சொன்னது காதில் விழவில்லையா என்றார். வண்டிக்காரன் பிடித்துப் போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று அத்தை அழுதாள்.

“டோக்கன் இருந்தா அவன் ஏன்க்கா பிடிக்கிறான்? அதை முதல்லயே வாங்கித் தொலைச்சிருந்தா இவன் வயித்துல ஏன் ஊசி?” என்றார் அப்பா.

மறுநாள் காலையிலிருந்து சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார். வயிறு அங்கங்கே தடித்துச் சிவந்துவிட்டது. பெல்ட் போட முடியவில்லை, குனிய முடியவில்லை. அத்தை சூப் வைத்துக் கொடுத்தாள். மாமி எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள். லைசென்ஸ் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண் வீட்டாரை அடுத்த மாதம் வரச் சொல்லலாம் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.

ஆனால் தினமும் சாயங்காலம், அந்த வயிற்றோடு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். கரை நெடுக விசிலடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். சீசர் என்று ஒரு தடவை, மணி என்று ஒரு தடவை கூப்பிடுவார். கடித்த நாயின்மேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாய்க்குக் கொடுப்பதற்கென்று நான் பாவாடை முடிச்சில் பொறை ரொட்டி வைத்திருந்தேன்.

ஊசி முடியப் போகிற சமயத்தில் ஒருநாள் அது கண்ணில் பட்டது. வற்றிப்போன ஏரியில் தூரத்தில் மிச்சமிருந்த தண்ணீரை நோக்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். நாய் சேற்றில் கால் பதித்து, குனிந்து, சளக் சளக்கென்று நெடுநேரம் குடித்தது.

“குடிக்குது பாரு,” என்றார். “தண்ணி குடிக்குது பாரும்மா.”

அப்படியே கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். நாயைக் கூட்டிப் போகவில்லையா என்றேன். அங்கே போனால் மறுபடியும் யார் நாய் என்று ஆரம்பிப்பார்கள், இங்கேயே இருக்கட்டும் என்றார்.

வழியெல்லாம் சினிமாப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு மிதித்தார். எனக்கு ஒரே எரிச்சல். அழுகிற அளவுக்கு ஆசை இருந்தால் கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதானே? நாய் தண்ணீர் குடிப்பதில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? பொறையை நானே தின்றுவிட்டேன்.