வாங்க வந்தவரின் பெட்ரோல்

ஆறு வருட ஞாயிறுகளைச் செலவழித்து, வெல்டர் கண்ணும் கருத்துமாகச் சீராக்கிய படகு அது. பெட்ரோல் விலை ஏறியதில் நான்கு மாதமாகக் கட்டியே கிடந்தது. வேறு யாராவது ஓட்டினாலும் போதும் என்றுதான் விற்கத் துணிந்தான்.

வாங்க வந்தவர் கேனில் பெட்ரோலும் கொண்டுவந்து, ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"அவர் பெட்ரோல்தானே, நாங்களும் ஏறிக்கிறோம்," என்று வெல்டரின் மனைவி மகளோடு ஏறிவிட்டாள். வெல்டர் வேண்டுமென்றே எதிரே இருந்த தீவைச் சுற்றி ஓட்டினான்.

"அப்பா, இன்னொரு சுத்து!"

கரைக்கு வந்ததும் அவர் இன்ஜினைத் தட்டிப் பார்த்தார். "இது மட்டும் போதும்பா, என் சரக்குப் படகுல மாட்டிக்கிறேன். பெட்ரோல் விக்கிற விலையில வேடிக்கைக்கு யாரு படகு ஓட்டுவா?"

மற்றவர் கை படவிடாமல் வெல்டரே ஸ்பேனரால் இன்ஜினின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினான். மகள் படகிலேயே உட்கார்ந்திருந்தாள்.