ஒரு ‘சார்’கூட வரவில்லை

மதுரை ரயிலடியில் நான் போர்ட்டராக இருந்தபோது என்னோடு நின்ற ஒருவர் நினைவில் இருக்கிறார். என்னைவிட இளையவர். தலையில் சிவப்புச் சும்மாடு, கையில் போர்ட்டர் உரிமத்துக்கான பித்தளைப் பில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் இருபது சொற்கள்தான். பொருளுக்கும் பெயராகி, அதைக்கொண்டு செய்யும் வேலைக்கும் ஆகிற சொல்லை மட்டுமே சேர்த்துக்கொள்வார்.

“தலையில ஏற்கனவே பெட்டி இருக்குண்ணே. ஒத்த வேலை பாக்குற வார்த்தைக்கு அங்க ஏது எடம்?” என்பார்.

புதிதாக வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், ஒவ்வொருவரையும் வரிசையில் நிற்கவைத்து இங்கிலீஷ் பேசச் சொல்லி, தெரியாதவர்களின் பில்லையைப் பறிக்கத் தொடங்கினார். வரிசையில் நின்றபடி நான் இவரிடம் சொன்னேன்: “மாப்ள, பேசுறப்ப நாலு ‘சார்’ போட்டுக்க. பில்லை தப்பும்.”

“அது எதைண்ணே தூக்கும்?” என்றார்.

அவர் முறை வந்தது. “லாக்” என்று கிடங்குப் பூட்டைக் காட்டினார். மறுபடி “லாக்” என்று சொல்லி அதைப் பூட்டினார். “லோடு” என்று தள்ளுவண்டியில் இருந்த மூட்டைகளைத் தொட்டார். “லோடு” என்றபடி இன்னொரு மூட்டையைத் தூக்கி அதில் ஏற்றினார். இருபது சொற்களும் முடிந்தன. ஒரு ‘சார்’கூட வரவில்லை. அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பில்லையைத் தொடவில்லை.

அடுத்து நான். பள்ளியில் நாலாம் பாரம் வரை படித்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. மூன்று முறை ‘சார்’ சொன்னேன். பில்லை போயிற்று.

அன்றே மதுரையை அடுத்த பரவைப் பக்கம் நடந்தேன், வேறு வேலை தேடி. அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் சொல்லியிருக்கிறேன், அந்த மனிதருக்கு அடுத்து நின்றவன் நான் என்று.